சாமை காய்ந்த வருஷத்தில் ஸ்தோத்திரமா?

கேள்வி: இந்த வருஷம் சாமை கைகொடுக்கவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்திருங்கள் என்கிறார்கள். எதைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்வது?
(ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிக் கண்ணமங்கலத்தில் தங்கியிருக்கும் விவசாயி)

ஆபகூக் தீர்க்கதரிசியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வி.ஏ.ஓ. பயிர்ச்சேதக் கணக்கு எடுப்பதுபோல எடுக்கிறார் மனிதர். கணக்கு முடிந்த பிறகுதான் கடவுளில் மகிழ்வதைப் பற்றிப் பேச்சு. அதற்கு முன்னால், முதல் அதிகாரத்திலேயே கடவுளிடம் சண்டையும் போட்டாகிவிட்டது. ஆகவே 'சாமை போச்சு' என்பதை முதலில் சத்தமாகச் சொல்லுங்கள். பாஸ்டர் முகம் சுளித்தால் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் புருஷன் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றார்கள். சரியா?
(படவேடு வாசகி)

தப்பு. அவள் தன் துக்கத்தின் நடுவே ஸ்தோத்திரம் சொன்னால் அது பலி. அடுத்தவர் சொல்லச் சொன்னால் அது அதிகாரம். போகிறவர்கள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோகட்டும், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவரை அருமையான மனிதர்கள். பேச ஆரம்பித்தார்கள், கெட்டது.

கேள்வி: அப்படியானால் 'ஸ்தோத்திர பலி' என்று பைபிள் சொல்வது?
(போளூர் வாசகர்)

எபிரெயர் 13-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். நம் ஆட்களுக்கு மனப்பாடம். நன்மை செய்யவும் இருப்பதைப் பகிரவும் மறக்காதீர்கள், கடவுளுக்கு அதுவும் பலிதான் என்று அடுத்த வசனம் சொல்கிறது. பதினாறு வருவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

கேள்வி: இரண்டையும் சேர்த்துச் செய்த ஆள் மலைப்பக்கம் யாராவது உண்டா? பிரசங்கம் வேண்டாம், பெயர் சொல்லுங்கள்.
(ஆரணி வாசகர்)

ஈவ்லின் பிராண்ட். மலை ஜவ்வாது அல்ல, கொல்லிமலை. ஆனால் அங்கேயும் இங்கேயும் ஜனம் மலையாளிப் பழங்குடிகள்தான், காய்ச்சலும் பாதையில்லாத கஷ்டமும் ஒரே மாதிரிதான். லண்டனில் வசதியான வீட்டுப் பெண், படம் வரைபவர். கணவர் ஜெஸ்ஸியோடு மலைமேல் குடித்தனம் போட்டார். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் கணவர் போனார். விதவையை மிஷன் சங்கம் சமவெளியில் வேலைக்கு வைத்தது; மலைக்குத் திரும்ப விடவில்லை. அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். ஓய்வு வயது வந்தது. மற்றவர்கள் கப்பலேறும் வயதில், எழுபதை நெருங்கிய அந்த அம்மாள் சங்கத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தன் பொறுப்பில் மலை ஏறிவிட்டார்!

எலும்பு முறிந்தது. கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார், மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். மருந்து கொடுத்தார், நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார். அந்த நோய் குடிதண்ணீரில் வருவது. படியிறங்கிக் கால் நனைக்கும் கிணறுகளை மாற்றினால்தான் போகும். ஜெபத்தோடு சேர்த்துக் கிணற்றுச் சுவரும் தேவைப்பட்டது. 1974-இல், 95 வயதில் கண்மூடினார். கடைசிக் காலத்தில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். செல்ஃபி காலத்துப் பக்தர்கள் கவனிக்க.

கேள்வி: வலி ஒரு வரம் என்கிறார்களே, பல்வலிக்காரனிடம் சொல்லிப் பார்த்தார்களா?
(கண்ணமங்கலம் கல்லூரி மாணவர்)

அதைச் சொன்னவர் மேலே சொன்ன அம்மாளின் மகன், டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை என்று கண்டார். வலி தெரியாததால் அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டுப்பட்டாலும் வேலையை நிறுத்துவதில்லை. ராத்திரி எலி கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியது மருத்துவ வரலாற்றில் அபூர்வமான மருந்துச்சீட்டு. அதனால்தான் வலியை வரம் என்றார். சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நீங்கள் பல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாய் இருப்பவர் யாருக்கு என்ன நன்மை செய்துவிட முடியும்?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

எல்லாரும் செய்தாக வேண்டும் என்று சட்டமில்லை. முதலில் நீங்கள் குணமாகுங்கள். ஆனால் கேட்டதால் சொல்கிறேன். டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் போனவர். நிற்க முடியாது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில், தன்னைப்போல முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக மறுவாழ்வு மையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் எத்தனை நாள் துதித்தார், எத்தனை நாள் அழுதார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம்.

கேள்வி: பவுலும் சீலாவும் ஜெயிலில் நடுராத்திரி பாடினார்கள். நாங்கள் பாடினால் மட்டும் தெருவில் சண்டை வருகிறதே?
(சந்தவாசல் வாசகர்)

அவர்கள் ஸ்பீக்கர் கட்டவில்லை. அதோடு, பூகம்பத்தில் கதவு திறந்தும் ஓடாமல் இருந்து, வாளை உருவிச் சாகப்போன சிறைக்காவலனைக் காப்பாற்றினார்கள். உங்கள் பாட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்த நன்மை ஏதாவது இருந்தால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

கேள்வி: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்துவிட்டேன். வீட்டம்மா பேசுவதில்லை.
(ஆரணி வாசகர், இன்னொருவர்)

பணம் சபைக்குப் போய்விட்டது, அதை விடுங்கள். காயில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மீதியில் சாம்பார் வையுங்கள். வைப்பது நீங்கள்.