பூட்டிக் கொடுத்த பெட்டி

விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட்டர் என்றொரு பதிப்பு இருந்தது. அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது. முதல் நாள் எந்தப் படம் திரையில் இருந்ததோ, கடைசிவரை அதுதான். தமிழ்நாட்டு அரசியலை நன்றாகப் படித்துவிட்டு எவனோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழியாக மாணவர் கைக்கு வந்தது அந்தப் பதிப்புதான். மூடியில் முதல்வர் படம் தனி.

அதே பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. வட்டின் மறுபாதியில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது, தமிழ் தெரிந்தது, உரிமக் கட்டணம் கேட்காதது. பெட்டி கிழமாகும்போது அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய சரக்கு அதுதான். அதைத் திறந்து காட்டிச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. பையன்கள் அதை அழித்துவிட்டு, கிடைத்த இடத்தில் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்டார்கள். அவர்களை நான் திட்டமாட்டேன். வாசல் இருப்பதையே சொல்லாமல் வீடு கொடுத்தவர்களைத்தான் திட்டவேண்டும்.

2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது. பின்னால் வந்த மாடல்களின் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் கெடு முடிந்தது. அதற்குள் திட்டத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பெட்டிகள் போயிருந்தன. எத்தனை கொடுத்தோம் என்ற கணக்கு மேடைக்கு மேடை வரும். எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அந்த 2011 விசித்திரமான ஆண்டு. ஜூலையில் எச்.பி. கம்பெனி டச்பேட் என்றொரு டேப்லெட்டை 499 டாலருக்கு இறக்கியது. ஏழே வாரத்தில் கைகழுவியது. கையிருப்பை 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. பெற்றவன் தூக்கியெறிந்த அந்தப் பிள்ளையை ஊதியம் வாங்காத சில புரோகிராமர்கள் எடுத்து வளர்த்தார்கள். அக்டோபரிலேயே சயனோஜென்மாட் என்ற ஆண்ட்ராய்டை அதில் ஓடவைத்தார்கள். அடுத்தடுத்து வந்த ஆண்ட்ராய்டுகளையும் பல ஆண்டுகளுக்கு அதில் ஏற்றிக்கொண்டே போனார்கள். அதே அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் அன்றைய ஒன்றிய அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்.பி. நினைவகம். உலகத்திலேயே மலிவு என்றார்கள். விரலால் குத்தினால்தான் அசைகிற திரை. நாட்டின் கல்வியையே தூக்கி நிறுத்த வந்தது, தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்ளவே திணறியது.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடைகளைப் போய்ப் பாருங்கள். கும்பகோணம், மன்னார்குடி எங்கும் இதே கதைதான். பழைய அரசு லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டி, லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, பாலிடெக்னிக் படிக்கிற தங்கச்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தள்ளுபடியில் வாங்கிய டேப்லெட் என்றால் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்து, லினேஜ் ஓ.எஸ். போன்ற மாற்று ஆண்ட்ராய்டு, அதாவது கஸ்டம் ராம் ஒன்றை ஏற்றுகிறார்கள். திறக்க விட்டால்தானே! பல மாடல்களில் அந்தப் பூட்டுக்குச் சாவியே தருவதில்லை. சிப் செய்தவன் டிரைவர் நிரலைத் தரமாட்டான். டேப்லெட் விற்றவன் இரண்டு வருஷத்தில் அந்த மாடலை மறந்திருப்பான். காசு கொடுத்து வாங்கியவன் மட்டும் வாடகைக்காரன்.

இதில் வங்கிகளின் நியாயம் தனி. கஸ்டம் ராம் ஏற்றி, இந்த மாதப் பாதுகாப்பு அப்டேட்வரை போட்ட டேப்லெட்டைப் பார்த்தால் பல வங்கிச் செயலிகள் ‘பாதுகாப்பற்றது’ என்று கதவைச் சாத்துகின்றன. ஐந்து வருஷமாக ஒரு ஓட்டையும் அடைக்காத, ஆனால் கம்பெனி முத்திரை கலையாத டேப்லெட்டை ‘வாங்க சார்’ என்று உள்ளே விடுகின்றன. முத்திரை இருந்தால் திருடனும் விருந்தாளி.

அரசின் செயலிகள் மட்டும் யோக்கியமா? 2021-இல் மகாராஷ்டிர அங்கன்வாடிப் பெண்கள், அரசு கொடுத்த போனில் அரசின் ஊட்டச்சத்துச் செயலியான போஷன் டிராக்கரே ஓடவில்லை என்று போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் நம் ஊரில் டிஜிட்டல் பயிர் சர்வே. கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று வி.ஏ.ஓ.க்கள் மறுத்துவிட்டார்கள். உடனே வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைக் கையில் போனோடு வயலில் இறக்கினார்கள். கணக்கெடுக்க இவ்வளவு அவசரம்! விளைந்ததை வாங்கத்தான் அவசரமில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் குறுவை நெல் டெல்டாவின் கொள்முதல் நிலைய வாசல்களில் கிடந்து மழையில் முளைத்தது. முளைத்ததைத் திரும்ப நெல்லாக்கும் அப்டேட்டை எந்தத் துறையும் இன்னும் வெளியிடவில்லை.

பழசைப் புதுசாக்குவது இந்த மண்ணுக்குப் புரியாத வித்தை இல்லை. சி.ஆர். 1009 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவின் நீண்டகாலச் சம்பா ரகம், நம் வயலுக்கு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கினால் அழுகிவிடும். விஞ்ஞானிகள் ரகத்தைத் தூக்கியெறியவில்லை. ஒடிசாவின் நாட்டுநெல் வழி வந்த சப்-1 என்ற ஒற்றை மரபணுவை அதற்குள் சேர்த்தார்கள். இப்போது இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிறது. அந்த வேலையை அவர்களால் செய்ய முடிந்ததற்குக் காரணம், விதையை எவனும் பூட்டி வைக்கவில்லை.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டம் வந்துவிட்டது. போனோ டேப்லெட்டோ, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் தரவேண்டும். இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒன்றிய அரசு குழு போட்டது. பிறகு இணையதளம் திறந்தது. குழு, தளம், வாழ்த்துரை. சட்டம் மட்டும் வரிசையில் நிற்கிறது.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் சுமார் 80 ஆயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் அறிவித்தார்கள். 2025 மாநில பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் என்றார்கள். கொடுங்கள் ஐயா, தாராளமாகக் கொடுங்கள். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீடாமங்கலம் பக்கம் கேட்டால் சொல்வார்கள். இலவசம் என்று மூக்கைச் சுளிக்கிற கூட்டத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். ஆனால் ஐரோப்பாவில் அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டிவிட்டு விற்கிற கம்பெனிகள் நம் டெண்டர்களுக்கும்தான் வரிசை கட்டுகின்றன. 20 லட்சம் பெட்டி வாங்குகிறவனுக்கு இல்லாத பேரம் யாருக்கு உண்டு? எந்த ஆண்டுவரை அப்டேட் வரும், அதற்குப் பிறகு பூட்லோடர் சாவி யாரிடம் என்று டெண்டரில் இரண்டே வரி போதும். அந்த வரிகளை மாணவர் கையில் தரும் ரசீதில் அச்சடியுங்கள். விழா நாள் காத்திருக்கும்.