படத்துல ஃபேன் எங்கலே பேராண்டி?

ஏலே பேராண்டி, மேக்கு அறையை அலங்காரம் பண்ணப்போறேன்னு செல்போனும் கையுமா சுத்துதியே, நல்ல காரியந்தான். 2025 மார்ச்சுல இந்தச் சாட்ஜிபிடி புதுசா படம் போடக் கிளம்பினப்போ ஊரெல்லாம் தன் மூஞ்சியை ஜப்பான் கார்ட்டூனா மாத்தி மாத்திப் பாத்துச்சு. மூஞ்சி முடிஞ்சு இப்போ சுவருக்கு வந்துட்டிய. வரட்டும். மூஞ்சியை மாத்தினதுக்குக் காசு போகலை, சுவருக்குப் போகும். அதனாலதான் இந்தக் கெழவன் வாயைத் தொறக்கேன்.

நம்ம அறைக்குச் சாட்ஜிபிடி போட்டுத் தந்ததுன்னு நீ காட்டின படத்தைக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நம்ம வீடாலே இதுன்னு மலைச்சுப் போனேன். அப்புறம் நிதானமாப் பாத்தா, சுவிட்சு போர்டைக் காணோம். மேல ஃபேனைக் காணோம். அந்த இடத்துல தங்க நிறத்துல ஒரு விளக்குக் கொத்து தொங்குது. வடக்கு ஜன்னல் ரெண்டடி நகந்து போய் நிக்கி. அக்கினி நட்சத்திரத்துல அந்த விளக்கைப் பாத்துக்கிட்டே பனையோலை விசிறியை வீசிக்கிட வேண்டியதுதான்.

எந்திரத்து மேல குத்தமில்லலே. அது என்ன டேப்பைப் பிடிச்சு அளந்தா வரையுது? எக்கச்சக்கமான படத்தைப் பாத்துப் பழகி, அறைன்னா இப்படித்தான் இருக்கும்னு குத்துமதிப்பாப் போடுது. கல்யாணத் தரகன் கொண்டாற போட்டோ மாதிரின்னு வச்சுக்கோ. மாப்பிள்ளை சிரிக்கிறது தெரியும், கடன் தெரியாது. அதுலயும் இவன் ரொம்ப மரியாதை தெரிஞ்ச தரகன். நீ கருநீலம்னா ‘அருமையான தேர்வு’ங்கான். உன் வீட்டுக்காரி ரோசாப்பூ நிறம்னா அதுவும் ‘அருமையான தேர்வு’. நம்ம எருமை போய்ச் சேத்து நிறம் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான். அதனால ‘நல்லாருக்கா’ன்னு அவன்கிட்டக் கேக்காத. ‘இதுல என்ன கோளாறு வரும், கொத்தனார்கிட்ட என்னென்ன கேக்கணும்’னு கேளு. அப்பத்தான் உருப்படியா நாலு வார்த்தை அவன் வாயிலேருந்து வரும்.

அளவை நீதான் குடுக்கணும். நீளம் 12, அகலம் 10னு மட்டும் சொன்னா, உயரத்தை அதுவா ஒண்ணு வச்சுக்கிட்டுக் கணக்கைப் போட்டுரும். நம்ம அறை உயரம் 10 அடி. நாலு சுவரும் சேத்து 440 சதுர அடி; கதவு ஒண்ணு, ஜன்னல் ரெண்டு கழிச்சா 395. பெயிண்டு டப்பாவுலயே ஒரு லிட்டரு எத்தனை சதுர அடிக்கு வரும்னு போட்டிருப்பான். அதை வச்சு ரெண்டு கோட்டுக்குக் கணக்குப் பண்ணி, எந்திரம் சொன்னதோட ஒப்பிட்டுப் பாரு. சோபாவுக்கும் இதே சட்டந்தான். அகலத்துல சோபாவுக்கு மூணடி, டீப்பாய்க்கு ரெண்டடி, டிவி ஸ்டாண்டுக்கு ஒண்ணரை அடி போனா மிச்சம் மூணரை. அதுல ஒண்ணரை அடி பீரோ, அதோட கதவு தொறக்க இன்னொரு ஒண்ணரை. நீ நடக்குறது எங்க, சுவத்துலயா? சோபா வாங்குறதுக்கு முந்தி, அதே அளவுக்குத் தினத்தந்தியைத் தரையில விரிச்சு ரெண்டு நாள் பொழங்கிப் பாரு. உன் கால் விரலு இடிச்சுக்கிட்டுச் சொல்லும் பாரு, அது எந்த எந்திரமும் சொல்லாத சேதி.

ஊரையும் சொல்லு. சொல்லலேன்னா பனி பெய்யுற தேசத்துக்கு உண்டான கம்பளமும் கெட்டித் திரையும் கொண்டாந்து போட்டுரும். இது தென்காசிலே. சித்திரையிலேருந்து ஆவணி பாதி வரைக்கும் மத்தியானச் சூரியன் நம்ம தலைக்கு வடக்க சாஞ்சு நிக்கும். வடக்கு ஜன்னல்ல வெயில் வராதுன்னு அது அடிச்சுச் சொன்னா நம்பாத. தரைக்கு விரிப்பு வேணும்னா பத்தமடைப் பாய் பக்கத்துலயே கெடக்கு. தாமிரபரணிக் கரைக் கோரை. சுருட்டி வச்சா மூலையில நிக்கும், கம்பளம் மாதிரி தூசியைக் குடிச்சுட்டு உக்காந்திருக்காது.

இப்போ அந்த மேக்குச் சுவரு. ஆனி ஆடிச் சாரல் அடிச்சு அடிச்சு ஊறி, உப்புப் பூத்துக் கெடக்கு. விரலால தட்டினா பட்டி பொலபொலன்னு உதிருது. போட்டோவுல அது வெள்ளையாத்தான் தெரியும். அதான் உன் தரகன் கூசாம அதுல வால்பேப்பர் ஒட்டச் சொல்லுதான். ஒரு முழத்துக்கு பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு ஓரத்துலயும் டேப்பைப் போட்டு அந்தச் சுவத்துல ஒட்டி, ஒருநாள் கழிச்சுப் பாரு. தாளுக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா ஓதம் சுவருக்குள்ள இருக்கு. வெளிப்பக்கம் நின்னா அறைக் காத்துல இருக்கு. சுவருக்குள்ளன்னா, வெளிய உள்ள விரிசலையும் மொட்டைமாடித் தண்ணி வடியுற குழாயையும் முதல்ல பாரு. சுவரு நல்லாக் காயட்டும். பட்டியும் பெயிண்டும் அதுக்கப்புறந்தான். போன் வெளிச்சத்துல பாத்த நிறம் சுவத்துல வேற மாதிரி நிக்கும். சின்ன டப்பா வாங்கி ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, காலையில, மத்தியானம், ராத்திரி லைட்டுலன்னு மூணு நேரமும் பாரு.

படம் எடுத்து ஏத்துறதுக்கு முந்தி ஆணியில தொங்குற பீரோச் சாவியையும், மேசையில கெடக்குற ஆதாரு, பாஸ்புக்கையும் எடுத்து உள்ள வை. அறையைக் காட்டச் சொன்னா குடும்பத்தையே காட்டாத.

இவ்வளவு சொல்லுதேனேன்னு எந்திரமே வேண்டாம்னு நெனைக்காத. உன் அம்மா சந்தன நிறம்பா, வீட்டுக்காரி பச்சைம்பா. ரெண்டையும் படமாப் போட்டுக் காட்டு. பெயிண்டு வாங்கின பெறகு வர வேண்டிய சண்டை, வாங்குறதுக்கு முந்தியே செலவில்லாம முடிஞ்சிரும். கடைசியில ரெண்டு பேருக்கும் பிடிக்கலேன்னா, ‘எந்திரந்தான் சொல்லிச்சு’ன்னு கையை விரிச்சிரு. இத்தனை வருசமா இந்த வீட்டுல அந்தப் பழியைச் சுமந்தவன் நான். ஒரு மாத்து ஆளு வந்தா எனக்கும் சௌகரியந்தான்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. உன் படத்துல ஃபேனோட சேத்து, ஜன்னலோரத்துல கெடக்குற என் கயித்துக் கட்டிலும் காணாமப் போயிருக்கு. அது எந்திரத்தோட கைவேலையா, உங்க யோசனையான்னு நான் கேக்கலை. அடுத்த தடவை எழுதும்போது முதல் வரியிலயே ‘தாத்தா கட்டில் இருந்த இடத்துலயே இருக்கணும்’னு போட்டுரு. ‘அருமையான தேர்வு’ன்னு அது சொல்லும். அந்த ஒரு வாட்டி மட்டும் அதை அப்படியே நம்பிரு.