பாஸா, பெயிலா?

எண்பதுகளில் எங்கள் ஊரில் யாரும் பிள்ளைகளிடம் எத்தனை மார்க் என்று கேட்டதில்லை. "பாஸா, பெயிலா?" என்றுதான் கேட்பார்கள். பாடத்துக்கு 35 வந்தால் பாஸ், அதற்குக் கீழே எதுவானாலும் பெயில். 'தேர்ச்சி' என்ற சொல் சான்றிதழில் இருந்தது, தலைமையாசிரியரின் மேடைப் பேச்சில் இருந்தது. திண்ணையிலும் டீக்கடையிலும் புழங்கியது பாஸ்தான். கைநாட்டு வைக்கும் எங்கள் ஆச்சிக்கும் அந்தச் சொல் தெரியும். அது ஒரு பிள்ளையை எந்தப் பக்கம் தள்ளும் என்பதும் தெரியும்.

ரிசல்ட் அன்று மாலைப் பத்திரிகைக் கட்டு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கும். அதைப் பிரிக்கும் முன்பே கடையைச் சுற்றிக் கூட்டம் நின்றுவிடும். பத்திரிகையில் பாஸானவர்களின் நம்பர்கள் மட்டும்தான் இருக்கும். பெயிலானவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. நம் நம்பருக்கு முந்தியது இருக்கும், பிந்தியது இருக்கும், இடையில் நம்முடையது இருக்காது. மேலிருந்து கீழாக இன்னொரு தடவை விரல் வைத்துப் பார்ப்பார்கள். அச்சுக்கோத்ததில் விட்டுப்போயிருக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொல்வார். பிறகு வீட்டுக்கு நடப்பார்கள். "நம்பர் வரலை" என்றால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

1982-ல் என் அக்காவின் நம்பர் வரவில்லை. தமிழில் வகுப்பிலேயே அவள்தான் முதல். கணக்கு மட்டும் போய்விட்டது. அப்பா திட்டவில்லை. "சரி, போனது போச்சு. அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார். அன்றோடு அக்காவின் படிப்பு முடிந்தது. அதே வருஷம் அதே கணக்கில் பெரியப்பா மகனும் பெயிலானான். அவனை மதுரையில் ஒரு டுடோரியலில் சேர்த்தார்கள். அக்டோபரில் எழுதினான், பாஸானான், பிறகு பாலிடெக்னிக் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நன்றாகப் படித்தான். ஆனால் அக்காவையும் டுடோரியலில் சேர்க்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவர்கூடப் பேச்செடுக்கவில்லை. ஒரே பாடம், ஒரே பெயில். பையனுக்கு அது நான்கு மாதத் தாமதம், பெண்ணுக்கு அதுவே முடிவு. பிறகு மாப்பிள்ளை பார்க்க வந்த தரகர் அவளுடைய படிப்பை "பத்தாவது பெயில்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் படித்த பத்து வருஷமும் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் போய்விட்டது.

பின்னாளில் ஒரு அரசு விண்ணப்பத்தைப் படிக்கும்போது என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் அது. பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்பு படித்த பெண் தேர்ச்சி பெற்றிருந்தாலும் சரி, தோல்வியடைந்திருந்தாலும் சரி, உதவி உண்டு என்று விதி சொன்னது. அந்த வரியை எழுதிய அதிகாரி யாரென்று தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு பெண் பத்து வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள் என்பதை ஒரு கணக்குப் பேப்பர் அழித்துவிடாது என்று அரசாங்கக் காகிதம் ஒன்று சொன்னது. 2022-ல் அந்தத் திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுப்பது பெரிய மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனாலும் அந்தப் பழைய வரியை நான் மறக்கவில்லை.

பரீட்சைக்கு வெளியே பாஸ் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஈரம் உண்டு என்பது வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் தெரிந்தது. பல்லவன் பஸ்ஸில் கண்டக்டர் தன் இடத்தைவிட்டு எழுந்து வரமாட்டார். முன்னால் ஏறியவர் "ஒரு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க" என்று காசை நீட்டுவார். முகம் தெரியாத கைகள் வழியாக அது பின்னால் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருப்பவரும் ஒரு கையை விடுவித்து வாங்கிக் கொடுப்பார். சில்லறை குறைந்து வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பாஸ் என்றால் ஒருவர் முன்னேறி இன்னொருவர் நின்றுபோவது. இங்கே எல்லாரும் கைகொடுத்தால்தான் பாஸ். இப்போது செல்போனைக் காட்டியே டிக்கெட் எடுக்க முடிகிறது. வசதிதான், ஆனால் அந்தக் கைகளை இழந்துகொண்டிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பொருள். அப்பாவுக்குக் குடலில் ஆபரேஷன் ஆனபோது நர்ஸ் வேளைக்கு ஒரு முறை வந்து, "ஐயா, கேஸ் பாஸ் ஆச்சா?" என்று கேட்பார். குடல் மறுபடியும் இயங்கத் தொடங்கியதற்கு அது ஒரு அடையாளம். அது தெரிந்த பிறகுதான் அவருக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் ஒரு விடியற்காலையில் அப்பா "ஆச்சும்மா" என்றார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் எந்த ரிசல்ட்டுக்கும் அத்தனை பேர் சேர்ந்து சந்தோஷப்பட்டதில்லை.

இளைஞர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் "பாஸ்" வேறொரு ஆங்கிலச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2010-ல் வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் டிகிரியை முடிக்க முடியாமல் அரியரோடு திரியும் ஒருவன், பெயிலான பிள்ளைகளுக்கு டுடோரியல் நடத்துவான். தியேட்டர் சிரித்தது. எனக்கு அந்தப் பிள்ளைகளைத் திரையில் பார்த்ததே நிறைவாக இருந்தது.

2020-ல் இந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். மருந்துக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு. அந்தப் பிள்ளைகளை "கொரோனா பாஸ்" என்று கேலி பேசியவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தேர்வு வேண்டாமென்று அவர்கள் கேட்கவில்லை. வீட்டில் ஒரு போனை மூன்று பேர் பங்குபோட்டுப் படித்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

பெரியவர்களுக்கென்றால் பாஸுக்கும் பெயிலுக்கும் நடுவிலுள்ள கோடு நகர்ந்து கொடுக்கிறது. 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாக இருந்ததால் நீட் தகுதிக்கான பெர்சன்டைலைப் பூஜ்யம் வரை இறக்கினார்கள். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. கோடு என்பது மனிதர்கள் போடுவது, தேவைப்பட்டால் நகர்த்த முடிவது என்பதை அந்த உத்தரவு காட்டிவிட்டது. 1982-ல் எங்கள் வீட்டில் அதைக் கடவுள் போட்ட கோடாக நினைத்திருந்தோம்.

2025-ல் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடு பாஸ். அந்த மே மாதம் யாரும் யாரையும் "பாஸா?" என்று கேட்கவில்லை. 450-க்கு மேலா, எந்த குரூப் என்றுதான் கேட்டார்கள். எழுதியவர்களோ எட்டு லட்சத்துக்கும் மேல். மீதியாக நின்றவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டுவார்கள். எங்கள் காலத்தில் பெயிலானவனுக்குத் தெருவில் துணைக்கு நாலு பேர் இருந்தார்கள். இன்று தெருவுக்கு ஒரு பிள்ளைதான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. இன்றைய பெயில் அன்றையதைவிடத் தனிமையானது. ஆறுதல் என்னவென்றால் துணைத் தேர்வு ஜூலையிலேயே வந்துவிடுகிறது. எழுதிப் பாஸானால் அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம்.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த முறை கணக்கு போய்விட்டது. அவளுடைய அம்மா, சொந்தத்தில் ஒரு பையன் இருப்பதாகப் பேச ஆரம்பித்திருந்தார். அக்கா போய் நடுவீட்டில் உட்கார்ந்தாள். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசும் வேண்டாம், பாஸும் வேண்டாம். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். "இந்தப் பேச்செல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மதினி. மொதல்ல பரீட்சைப் பணத்தை எடுத்து வைங்க. கடைசித் தேதி போயிரும்."