மாட்டுங்கா, செம்பூர் வட்டார நகைச்சுவைக் கையெழுத்துகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தொலைக்காட்சியில் சிரிக்க வைத்தவர்களிடம் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது அமெரிக்காவில் பெரிய வியாபாரம். அதற்கென விதிகளும் உண்டு. படத்தின்மேல் வெறும் கையெழுத்து இருந்தால் நல்ல விலை. 'அன்புள்ள ஜானுக்கு' என்று பெயர் சேர்ந்தால் பெரும்பாலும் விலை இறங்கும். லேமினேட் செய்தால் பண்டம் பாழ். இம்மூன்றும் மும்பைத் தமிழர் வட்டாரமான மாட்டுங்காவில் செல்லாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் தாளை எடுத்துக்கொள்வோம். பம்பாய் தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2 அன்று பிறந்தது. 1984-இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி', 1988-இல் ஆர்.கே. லக்ஷ்மண் படைத்த 'வாக்லே கி துனியா' என்று பார்த்துச் சிரித்த தலைமுறையிடம் நடிகர்களின் படம் ஏது? எதிரே தென்பட்ட நேரத்தில் சட்டைப்பையில் எது இருந்ததோ அதுவே ஆவணம்: நாடக டிக்கெட், அர்ச்சனைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், கரண்ட் பில். இவற்றுள் கரண்ட் பில்லே ஆய்வாளனுக்கு உற்ற துணை. 'பெஸ்ட்' நிறுவனத்தின் மின்சாரம் செம்பூர் வரை வராமல் சயானோடு நின்றுவிடும். ஆகவே செம்பூர்க்காரர் ஒருவர் பெஸ்ட் பில்லில் வாங்கிய கையெழுத்தைக் காட்டினால், அது மாட்டுங்கா மைத்துனரிடமிருந்து வந்தது என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

வாக்லேயாக நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் வங்கி ஊழியராகவும் இருந்தவர். வங்கிக்காரர் கையெழுத்து நாளுக்கொரு விதமாக மாறாது என்பதால் போலி செய்வது எளிது. இங்கே விலைக்கு வாங்க ஆளில்லாததால்தான் போலி பெருகவில்லை. தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பேப்பராகப் போட்டால் கையெழுத்துக்கென்று தனி விலை கிடையாது.

பெயர் எழுதுவது பற்றிய விதியோ இங்கே தலைகீழ். கள ஆய்வில் ஒரு மாமி கணவரின் புதையலைப் பார்த்துக் கேட்டது: "பேரே இல்லையே, இது உங்களுக்குத்தான் போட்டுக் குடுத்தார்ங்கறதுக்கு என்ன ருசு?" பெயர் இருந்தால் மதிப்பு இரட்டிப்பு. "சொந்த ஊர் பாலக்காடா?" என்று நடிகரே விசாரித்தார் என்னும் வாய்மொழி வரலாறும் சேர்ந்துவிட்டால், அந்தச் சீட்டு நேரே பூஜை அலமாரிக்குப் போய்விடும்.

சென்னை நாடகக் குழுக்களின் வருகைதான் இத்துறையின் பொற்காலம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிக் கேபிளும் வீடு வீடாக நுழைந்தபின், பெட்டியில் பார்த்த முகத்தை மேடைக்குப் பின்னால் நேரில் மடக்க முடிந்தது. ஆனால் அக்குழுக்கள் மேடையேறும் ஷண்முகானந்தா அரங்கு 1990-இல் தீப்பிடித்து 1998-இல்தான் மறுபடி திறந்தது. அந்த எட்டாண்டுகளை நம் துறையின் களப்பிரர் காலம் என்று கொள்க.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. 1979-இல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் குழுவின் நாடகங்களில் நாயகன் பெயர் மாது, நாயகி பெயர் ஜானகி. நாயகனாக நடிப்பவரோ, அவற்றை எழுதிய கிரேஸி மோகனின் தம்பி மாது பாலாஜி. அவர் 'மாது' என்று மட்டும் போட்டுக் கொடுத்தால், போட்டவர் நடிகரா, பாத்திரமா? பாத்திரமே என்பது செம்பூர்க் கட்சி; அப்படியானால் அது செல்லாக் கையெழுத்து என்பது மாட்டுங்காக் கட்சி. இரு தரப்பும் சீட்டை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை.

2019 ஜூன் 10 அன்று மோகன் மறைந்தபின், இனிப் புதிது கிடையாது என்பதால் பாகப்பிரிவினைகளும் வந்தன. செம்பூரில் ஒரு வீட்டில் ஒரே தாள்: ஒரு பக்கம் அண்ணன் மோகன், மறுபக்கம் தம்பி பாலாஜி. தாளுக்கு வாரிசுகளும் அண்ணன் தம்பி இருவரே. வெட்ட முடியாது. மூத்தவர் தாளை எடுத்துக்கொண்டு இளையவருக்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார், இரு பக்கமும். பத்திரமாக இருக்கட்டும் என்று இருவரும் ஒரே கடையில் லேமினேட் செய்தார்கள். கடைப் பையன் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான். எது அசல் என்பதில் இப்போது கருத்து வேறுபாடு நிலவுகிறது.