ஓட்டுப் போட வயது தடையில்லை

நீட், டி.என்.பி.எஸ்.சி., கேம்பஸ் இன்டர்வியூ என்று நாள் முழுக்கப் போட்டியில் நசுங்கும் இளசுகள், ராத்திரி இளைப்பாறுவதும் டிவியில் போட்டி பார்த்துத்தான். ஒரே ஆறுதல், இங்கே எலிமினேட் ஆவது அடுத்த வீட்டுப் பிள்ளை. அனுப்பி வைக்கும் நீதிபதி, சோபாவில் சாய்ந்தபடி ஓட்டுப் போடும் நாம்.

2017-இல் தமிழ் ‘பிக் பாஸ்’ முதல் சீசன் கோப்பை ஆரவுக்குப் போனது. ரசிகர் ‘ஆர்மி’ திரண்டதோ பாதியில் வெளியேறிய ஓவியாவுக்கு. ‘குக்கு வித் கோமாளி’யிலும் ருசியாகச் சமைத்தவரைவிட, சமையலைக் கெடுத்த கோமாளிகளுக்கே மவுசு. (சமையல் நிகழ்ச்சியாம்!) ஜெயிக்கச் சொல்லி நச்சரிக்க வீட்டில் ஆள் உண்டு, சொதப்பினால் கைதட்ட டிவியில்தான் உண்டு.

“படிக்காமல் என்ன டிவி?” என்று அதட்டும் அப்பாக்களே, எலிமினேஷன் அன்று ரிமோட்டைக் கொஞ்சம் பிள்ளைகளிடமும் கொடுங்கள்.