ஒரு வீட்டுத் தரை மட்டும்

வாப்பு, உக்காரு. முகத்துல மாப்பிள்ளைக் களை சொட்டுது. உங்கிட்ட ஆத்தங்குடிக் கல்லு வாங்குற சென்னைக்காரரு ‘பார்ட்னர் ஆயிருவோம்’னுட்டாராமே!

“நல்ல மனுசரு ஐயா, பில்லு போட்ட மறுநாளே பணம் வந்துரும்”ங்கிறே. வரும்பு. வாடிக்கையா இருக்கிறவரைக்கும் கல்லுல கீறல் இருக்கான்னு பாப்பாரு. கூட்டாளியாயிட்டா நீ குடிக்கிற டீக்கும் கணக்குக் கேப்பாரு.

நம்ம ஊரு செட்டியாருமாரு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆளு அனுப்பிக் கடை நடத்துனாங்க. சொந்தக்காரப் பயலா இருந்தாலும் சம்பளச்சீட்டு எழுதித்தான் கப்பலேத்துவாங்க. பெரும்பாலும் மூணு வருசக் கெடு. கெடு முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சுட்டு ஊரு திரும்பணும். அம்புட்டு சூதானமானவங்களே ஒரு இடத்துல மாட்டுனாங்க. 1930-கள்ல நெல்லு விலை விழுந்துச்சு. கடன்பட்ட பர்மாக் குடியானவன் காசுக்குப் பதிலா நிலத்தைக் குடுத்தான். 1937 வாக்குல கீழ்ப் பர்மாவோட முக்கியமான நெல்லு மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு வயலு நம்மாளுக கையில. வயலைப் பெட்டியில வச்சா கொண்டாரமுடியும்?

சட்டத்தையும் கேட்டுக்க. 1932-ஆம் வருசக் கூட்டாண்மைச் சட்டம், 25-ஆம் பிரிவு. தொழிலுக்குன்னு ஒரு கூட்டாளி வச்ச கடனுக்கு எல்லாக் கூட்டாளியும் பொறுப்பு. அவரு சென்னையில குடோன் வாடகை பாக்கி வச்சா, குடோன்காரன் இங்க உன் வீட்டுக் கதவைத் தட்டுவான். அதுவும் பர்மாத் தேக்கு, தெருவுக்கே கேக்கும்.

அதனால கம்பெனி, போர்டு, பொது பேங்குக் கணக்கு ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு வீட்டுத் தரை. சிமெண்டு, மணலு, சாயத்துக்கு அவரு முன்பணம். வேலை முடிஞ்சு செலவு போக நிக்கிற லாபத்துல ஆளுக்கு இம்புட்டுன்னு எழுதிக்க. லாபத்துல பங்கு குடுத்ததுக்காக மட்டும் ஒருத்தர் கூட்டாளி ஆயிர மாட்டாருன்னு 6-ஆம் பிரிவு சொல்லுது. ஆனா சீட்டுல ஒண்ணு, நடத்தையில ஒண்ணுன்னா கோர்ட்டு நடத்தையையும் பாக்கும், ஆமா.

நட்டத்தைப் பொதுவுல வைக்காதே. கண்ணாடியில வார்த்து எடுக்கையில பூ கலைஞ்சாலும், தொட்டியில சரியா ஊறாம கல்லு வெடிச்சாலும் உன் தலையில. தரையில பதிக்கிறவன் மட்டம் தப்புனா அவரு தலையில. லாரியில உடைஞ்சா? லாரி பிடிச்சவரு தலையில! சண்டை வர்ற இடம் அதான். அதை மொதல்ல எழுது. பூப்போட்ட தகட்டு அச்சு உன்னோடதுன்னும் ஒரு வரி. பழைய ஆர்டரெல்லாம் பழைய விலைக்கே தனி பில்லுல போகட்டும். இல்லாட்டி ‘நமக்குள்ள என்ன’ன்னு அதுலயும் விலையைக் குறைப்பாரு.

கெடுத் தேதி போட மறந்துராதே. அன்னிக்கு ரெண்டு பேரும் கணக்கைப் பாருங்க. பிடிச்சா அடுத்த வீடு.

எனக்கு என்ன தரணும்னு கேக்குறியா? பங்கெல்லாம் வேணாம்பு, ரொக்கமாக் குடுத்துரு.