கண்மாய்க்கரைக்கு டிக்கெட் கிடையாது, மருமகனே

குளிர்காலம்னு நீரு சொல்லும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, மருமகனே. கோவில்பட்டியில குளிர்காலம்னா வேர்க்காத காலம், அவ்வளவுதான். மார்கழி, தையில விடியக்காலம் கொஞ்சம் பனி இறங்கும். அதுக்குப் பேரனுக்குக் குரங்குக் குல்லா, பேத்திக்குக் கம்பளிச் சட்டை, உம்ம கழுத்துல ஒரு மப்ளர். நிசமாவே இமயமலையைத் தாண்டி வர்ற ஆளு வரித்தலை வாத்துதான். மங்கோலியா, திபெத்துப் பக்கமிருந்து நம்ம பக்கத்துக் கூந்தன்குளம் வரைக்கும் வருது. அது குல்லா போட்டு நான் பார்த்ததில்ல.

லீவுக்குப் பிள்ளைகளை எங்க கூட்டிப் போகன்னு கேட்டீரு. பூங்காவுக்குத் தாராளமாப் போம். சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி எங்கயும் ஓடாது. பொறுமையா நின்னு போட்டோ எடுக்கலாம். உயிரோட இருக்கிறதைப் பார்க்கணும்னாத்தான் கொஞ்சம் சிரமம். அது உமக்காகக் காத்திருக்காது. நீருதான் அதுக்காகக் காத்திருக்கணும். போனைப் பையில போட்டுட்டுக் காத்திருக்கணும்னு சொன்னா உமக்குக் காய்ச்சலே வந்துரும்.

வருசா வருசம் ஜனவரியில, பொங்கல் சமயத்துல ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்குது, தெரியுமா? யாரும் சேரலாம். ஒரு இடத்துல பதினஞ்சு நிமிசமாவது நின்னு, என்ன பறவை, எத்தனைன்னு குறிச்சு ‘இ-பேர்ட்’ தளத்துல ஏத்திவிடணும். பார்த்தீரா, போனுக்கும் வேலை வந்துருச்சு! மொட்டை மாடியில நின்னு காக்காயை எண்ணினாலும் கணக்குத்தான். தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல ‘ஏட்ரீ’ அமைப்புக்காரங்க 2011-லயிருந்து ஜனவரி மாசம் நீர்ப்பறவைக் கணக்கு எடுக்காங்க. அதுல காலேஜ் பிள்ளைகளும் ஊர்க்காரங்களும் சேர்ந்து நடக்காங்க.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு ஒதுக்கிராதீரும். அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, யாரு நிறையச் சுட்டுத் தள்ளுறதுன்னு போட்டி வச்சிருந்தாங்க. 1900-ல ஃபிராங்க் சாப்மன்னு ஒருத்தர், ‘சுடாதீங்கப்பா, எண்ணுங்க’ன்னு சொன்னாரு. மொத வருசம் 27 பேருதான் வந்தாங்க. நம்ம பக்கமும் பொங்கல் முடிஞ்ச கையோட முயல் வேட்டைக்குக் கிளம்பின கூட்டம் உண்டு. யாரெல்லாம் போனாங்கன்னு என்கிட்ட கேக்காதீரும், உம்ம தாத்தாகிட்ட கேளும்.

கூந்தன்குளம் 1994-ல சரணாலயம் ஆச்சு. ஆனா அந்த ஊர்க்காரங்க அதுக்கு ரொம்ப முந்தியே பறவைகளைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டாங்க. வீட்டுப் பக்கத்து மரத்துலயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். பறவை மிரளும்னு தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. பக்கத்துச் சிவகாசியில செய்யுற வெடியை வெடிக்காம ஒரு ஊரு இருக்குன்னு உம்ம மகன்கிட்டச் சொல்லிப் பாரும், நம்பமாட்டான்.

மான் பார்க்கணும்னா வல்லநாடு. 1987-ல அறிவிச்ச வெளிமான் சரணாலயம். இந்தியாவுல தானா வாழுற வெளிமானுக்கு இதுதான் தென்கோடி. நாலு கால் பாய்ச்சல்ல போற மானுக்குப் பின்னால ‘ஏய், ஏய்’னு கத்திக்கிட்டு ஓடுற அப்பன்மாரை மானே நின்னு வேடிக்கை பார்க்கும்.

ஆனா என்னைக் கேட்டா, அம்புட்டுத் தூரம் எதுக்கு? ஐப்பசி, கார்த்திகை மழை பெஞ்சிருந்தா நம்ம ஊர்க் கண்மாயே நிறைஞ்சு கிடக்கும். முக்குளிப்பான், நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் கரையிலயிருந்தே தெரியும். உளுந்துக் காட்டுக்கு மேல பூனைப்பருந்து தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடும். ராத்திரி மரத்துல அடையாம தரையில, புல்லுக்குள்ளதான் படுக்கும். அப்புறம் சோளக்குருவி. கறுப்புத் தலை, ரோஸ் கலரு உடம்பு, கூட்டங்கூட்டமா வரும். சீனாவுல சிஞ்சியாங் பக்கம், வெட்டுக்கிளியைத் தின்னு பயிரைக் காப்பாத்துதுன்னு இதுக்குக் கூடு கட்ட இடமே அமைச்சுக் கொடுக்காங்க. நாம சோளக்காட்டுல பரண் போட்டு, தகர டப்பாவைத் தட்டித் துரத்துறோம். கதிரு போனா கஞ்சிக்கு என்ன செய்யன்னு கேப்பீரு, அதுவும் நியாயந்தான்.

வரும்போது அந்த வெள்ளை ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு வாரும். ஈரக் கரிசல் ஒருதரம் பிடிச்சா விடாது; ரெண்டு கால்லயும் ரெண்டு கிலோ மண்ணைச் சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போனா, என் மக உம்மை வாசலைத் தாண்ட விடமாட்டா. பளபளன்னு சட்டை வேண்டாம். செண்ட்டு அடிச்சா பறவைக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் தும்மல் வரும். திங்க அவிச்ச பனங்கிழங்கு எடுத்துக்கிடும், தையில அதுதான் சீசன். கடலைமிட்டாயும் எடுக்கலாம், ஆனா காகிதத்தைச் சட்டைப்பையில திருப்பிப் போடணும். பேரன் ‘இது என்ன பறவைப்பா’ன்னு கேட்டா, தெரியாட்டி வாயில வந்த பேரைச் சொல்லிராதீரும், அந்தத் தொழிலுக்கு நான் ஒருத்தன் போதும்.

பொங்கலன்னைக்குப் பொழுது விடிய ஆறு மணிக்குக் கரையில நில்லும். ஏழரைக்கு வந்து ‘எங்க மாமா பறவை?’ன்னு கேட்டா, கொக்கு கூட உம்மை மதிக்காது.